கடைசி வீட்டுக் கைப்பிடியில் ஒரு துணி

கிட்டே வாருங்கள். இன்னும் கிட்டே. தம்பி, அந்த போனை உள்ளே வை. கேஸ் கசிகிறது, ஒரு பொறி போதும் என்று கத்தினார்களே, காதில் விழவில்லையா? அதனால்தான் அபாய மணியைக்கூட அடிக்காமல், வெறும் விசில் ஊதி நம்மை இறக்கினார்கள். குழாய்க்காரர்கள் கீழ்த்தளத்தில் தேடிக்கொண்டிருக்கிறார்கள். அவர்கள் கண்டுபிடிக்கிறவரை இந்தத் தண்ணீர்த் தொட்டிக்கு அடியில், இருட்டில், கொசுவுக்கு விருந்து வைத்துக்கொண்டு உட்கார வேண்டியதுதான்.

ஆனால் ஒன்று. நம் மாடிதான் முதலில் இறங்கியது. ஆரஞ்சுச் சட்டை அண்ணனுக்கு ஒரு கைதட்டல் கொடுங்கள். பொறுப்பாளர் என்றால் இப்படி இருக்க வேண்டும். விசில் ஊதினார், துணியைக் கட்டினார், இறக்கிவிட்டார். மற்ற மாடிக்காரர்கள் அப்போதும் படியில் நின்று சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். நம்மில் யாரும் பாக்கியில்லையே? கடைசி வீட்டு நர்சம்மா மட்டும் டூட்டிக்குப் போயிருக்கிறாள் என்று அண்ணன் சொன்னார். கொடுத்து வைத்தவள், கொசுக்கடி இல்லை.

கதை வேண்டும் என்றீர்கள். எனக்குத் தெரிந்த பேய்க்கதை ஒன்றுதான். அதுவும் நம் கதை மாதிரியே இருக்கும், அப்புறம் என்னைத் திட்டக் கூடாது.

இது எனக்கு நடந்தது இல்லை. என்னோடு தையல் கடையில் மிஷின் மிதிக்கிறாளே, என் சிநேகிதி... அவளுடைய அக்கா வீட்டுக்காரருக்கு நடந்தது. அவள் அவரை அத்தான் என்பாள். கேட்டுக் கேட்டு எனக்கும் அவர் அத்தான்தான். சொல்லும்போது அவள் என் முகத்தைப் பார்க்கவே இல்லை. ஊசியில் நூல் கோர்க்கிற மாதிரி குனிந்துகொண்டே சொன்னாள். பேய் பயத்தில் குனியவில்லை. வெட்கத்தில் குனிந்தாள்.

மத்தியானம் மூன்று மணி.

பேய்க்கதைக்கு நடுராத்திரி வேண்டும் என்பவர்கள் அடுக்குமாடி வீட்டில் மூன்று மணியைப் பார்த்ததில்லை. வேலைக்குப் போனவர்கள் வந்திருக்கமாட்டார்கள். பள்ளிக்கூடம் விட்டிருக்காது. வீட்டில் இருப்பவர்கள் கதவைச் சாத்திக்கொண்டு கண் அயர்ந்திருப்பார்கள். ஆள் இல்லாத சாலை வேண்டுமா? லிஃப்ட் வந்தபிறகு எட்டு மாடிப் படிக்கட்டைவிட ஆள் இல்லாத சாலை எது? ஜன்னல் கிடையாது. சுவரில் சுண்ணாம்பு வாடை. கீழே யாராவது தும்மினால் மேலே இருமல் மாதிரி கேட்கும்.

அப்படி ஒரு கட்டடத்தில், நாலாவது மாடியில் அத்தான் குடியிருந்தார். மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்தார். ஊர்க் கண்ணையெல்லாம் சோதித்தவர். அந்த மாடிக்கு ஆரஞ்சுச் சட்டையும் அவர்தான்.

விதி உங்களுக்கே தெரியும். நம் படிக்கட்டிலும் அதே பலகைதான் தொங்குகிறது. லிஃப்டில் ஏறாதே. சுவரோரமாக இறங்கு. செருப்புப் போட்டுக்கொண்டு இறங்கு, படியில் கண்ணாடி உடைந்து கிடக்கும். வெளியே வந்தபின் எதற்காகவும் திரும்பிப் போகாதே. அப்புறம், வெள்ளைத் துணி. பொறுப்பாளர் ஒவ்வொரு கதவையும் தட்ட வேண்டும். பதில் இல்லையென்றால் திறந்து உள்ளே பார்க்க வேண்டும். யாரும் இல்லை என்று கண்ணால் பார்த்தபிறகு கைப்பிடியில் துணி கட்ட வேண்டும். துணி கட்டிய வீட்டுக்குள் தீயணைப்பு வீரர்கள் போகமாட்டார்கள். கட்டாத வீட்டைத்தான் உடைத்துத் தேடுவார்கள்.

இப்போது வருஷா வருஷம் தீவிபத்து ஒத்திகை நடக்கிறதா... அந்த ஊரில் எந்தக் கட்டடம் சீக்கிரம் இறங்குகிறதோ அதற்குக் கேடயம் கொடுத்தார்கள். கேடயம் என்று வந்துவிட்டால் நம் ஆட்களைப் பற்றிச் சொல்ல வேண்டுமா? அத்தான் ஒரு வழி கண்டுபிடித்தார். ஒத்திகைக்கு முந்தின நாளே எல்லாக் கதவிலும் துணியைக் கட்டிவிடுவார். மணி அடிக்கும்போது ஜனங்கள் செருப்பை மாட்டிக்கொண்டு படியில் தயாராக நிற்பார்கள். வந்த அதிகாரிகள் துணியைப் பார்த்தார்கள், கடிகாரத்தைப் பார்த்தார்கள். கதவைத் திறந்து யாரும் பார்க்கவில்லை. கேடயம் வந்தது. மறுவருஷமும் வந்தது. வாசலில் கண்ணாடி அலமாரி செய்து அதில் வைத்தார்கள். “எங்க அத்தான் மாடிதான் முதல்” என்று என் சிநேகிதிகூடக் கடையில் பீற்றிக்கொண்டாள்.

கை எதைப் பழகுகிறதோ அதைத்தான் செய்யும். நான் தையல்காரி, எனக்குத் தெரியும். கண்ணை மூடிக்கொண்டு முடிச்சுப் போடுவேன்.

அந்த மாடியின் கடைசி வீட்டில் ஒரு ரொட்டிக்காரர் இருந்தார். பேக்கரியில் ராத்திரி முழுக்க அடுப்படி. விடிந்ததும் வீட்டுக்கு வருவார். கூட ஒரு தங்கை, பஸ்ஸில் கண்டக்டர். அவர் வரும் நேரம் அவள் கிளம்பும் நேரம். அண்ணனும் தங்கையும் ஒரு நாளில் பார்த்துக்கொள்வது வாசற்படியில்தான். அவர் சூடான ரொட்டியை அவள் பையில் வைப்பார். அவள் தன் ஷூவை மாட்டுவாள், அவர் தன் ஷூவைக் கழற்றுவார். மாவு படிந்த கேன்வாஸ் ஷூ. பாதித் தூக்கத்தில் கழற்றுவதால் இடது வலது பக்கமும் வலது இடது பக்கமுமாகக் கிடக்கும். பிள்ளைகள் அதைப் பார்த்து, “ரொட்டி மாமா ஷூ ரெண்டும் சண்ட போட்டுட்டு மூஞ்சிய திருப்பிக்கிச்சு” என்று சிரிப்பார்கள். பிறகு அவர் காதில் பஞ்சை அடைத்துக்கொண்டு சாயங்காலம்வரை தூங்குவார். இது மாடியில் எல்லாருக்கும் தெரியும்.

அத்தானுக்கும் தெரியும்.

அன்றைக்கு மூன்று மணிக்குக் கீழ்த்தளத்து மின்சார அறை பற்றிக்கொண்டது. கறுப்புப் புகை, ரப்பர் எரிகிற நாற்றம். மணி அடித்தது. அத்தான் அப்போதுதான் சாப்பிட்டுவிட்டுச் சாய்ந்திருந்தார். எழுந்தார், சட்டையை மாட்டினார், வெள்ளைத் துணிகள் வைத்த பையைத் தூக்கினார். மனைவியை முதலில் இறக்கிவிட்டார். அடுத்த கதவு... துணி. அடுத்தது... துணி. அடுத்தது... துணி. மாடிக்காரர்கள் சிலர் அவர் கண்ணெதிரே இறங்கிப் போனார்கள். கடைசி வீட்டுக்கு வந்தார்.

வாசலில் ஷூ கிடந்தது. இடம் வலமாக. மாவோடு.

பார்த்தாராம். பார்க்கவில்லை என்று ஒருநாளும் அவர் சொல்லவில்லை. ‘வேற செருப்ப மாட்டிட்டுப் போயிருப்பான்’ என்று ஒரு நினைப்பு. அவ்வளவுதான். படிக்கட்டிலிருந்து புகை மாடிக்குள் திரும்பியது. கை துணியை எடுத்தது, கைப்பிடியில் சுற்றியது, முடிச்சுப் போட்டது. முடிச்சுப் போடுகிற நேரத்தில் கதவைத் தட்டியிருக்கலாம்.

தீயணைப்பு வீரர்கள் வந்தார்கள். நாலாவது மாடியில் எல்லாக் கதவிலும் துணி. நல்ல மாடி என்று மேலே ஏறிப் போய்விட்டார்கள்.

புகை அடங்கியதும் கதவைத் திறந்தார்கள். ரொட்டிக்காரர் உள்ளே, கதவுக்குப் பக்கத்தில் கிடந்தார். கையில் போன். விழித்திருக்கிறார், எழுந்து வாசல்வரை வந்திருக்கிறார். அதற்குமேல் முடியவில்லை. எல்லாரும் எட்டி எட்டிப் பார்த்தார்கள். யாரோ சொன்னார்கள், “துணி கட்டியிருக்கே. அப்ப வெளிய வந்துட்டு, போன எடுக்கத் திரும்பிப் போயிருக்கான் பாரு.” ஊர் வாயை மூட உலைமூடி ஏது? ஒரு நிமிஷத்தில் அதுவே நிஜமாகிவிட்டது.

எல்லாரும் உள்ளே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அத்தான் கீழே பார்த்தார். ஷூ அங்கேயே கிடந்தது. போனுக்காகப் புகைக்குள் ஓடினவன் வாசலில் நின்று ஷூவைக் கழற்றுவானா? எவனாவது குனிந்து பார்த்தால் கேட்பான். அத்தான் குனிந்தார். துணிப் பையைத் திறந்தார். ஷூவை உள்ளே வைத்தார். ஜிப்பை இழுத்து மூடினார். வேறு தெருக் குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டு வந்து, அழுதுகொண்டிருந்த கூட்டத்தில் சேர்ந்துகொண்டார். செத்தவன் வந்து சாட்சி சொல்லவா போகிறான்?

தூ என்கிறாயா? துப்பு. என் சிநேகிதியும் இந்த இடத்தில் மிஷினை நிறுத்திவிட்டாள்.

அந்தத் தங்கை சாயங்காலம் பஸ்ஸைவிட்டு இறங்கி வந்தாள். முதலில் கேட்டது என்ன தெரியுமா?

“அண்ணனோட ஷூ எங்க?”

உள்ளே தேடினாள், வெளியே தேடினாள்.

“எங்க அண்ணன் வெளியவே வரலங்க. அவன் வெளிய போனா ஷூ போட்டுட்டுத்தான் போவான். வந்தா வாசல்ல கழட்டுவான். உள்ளயும் இல்ல, வெளியயும் இல்லன்னா ஷூ எங்க போச்சு?”

“மனசு தேத்திக்கோம்மா” என்றார்கள். அத்தானும் சொன்னார். அத்தானும் சொன்னார், கேட்டுக்கொள்ளுங்கள்.

அதற்குப்பிறகு படிக்கட்டுப் பலகையில் ஒரு வரி சேர்ந்தது. ‘திரும்பிப் போனவர் திரும்பவில்லை.’ ஒவ்வொரு ஒத்திகையிலும் அதிகாரி மைக்கில், “நாலாவது மாடிக்காரர் ஒருத்தர் போனுக்கு ஆசப்பட்டு...” என்று தொடங்குவார். கூட்டத்தில் தங்கை தலை குனிந்துகொண்டு நிற்பாள். அண்ணனுக்காக அவள் வெட்கப்பட்டாள். வெட்கப்பட வேண்டியவர் ஆரஞ்சுச் சட்டையில் தலையை நிமிர்த்திக்கொண்டு நின்றார்.

சரி... இனிமேல்தான் நீங்கள் கேட்டது வருகிறது. அண்ணா, ஏன் தள்ளிப் போகிறீர்கள்? குளிர்கிறதா? கிட்டே வாருங்கள்.

அப்படி ஒரு ஒத்திகை. மணி அடித்தது. எல்லாரையும் இறக்கிவிட்டு அத்தான் கடைசியாக இறங்கினார். படிக்கட்டில் அவர் மட்டும். அவருடைய ஷூ... டக், டக், டக்.

பின்னால்... பச். பச். பச்.

வெறுங்கால்.

நின்றார். அதுவும் நின்றது. எதிரொலி என்று நினைத்தார். எதிரொலி ஷூ போட்டுக்கொண்டல்லவா இருக்க வேண்டும்? இரண்டு படி இறங்கினார். பச்... பச். அப்புறம் ஒரு வாசனை. அடுப்பிலிருந்து அப்போதுதான் எடுத்த ரொட்டி வாசனை. சுகமான வாசனைதான். ஆனால் ஓரத்தில் லேசாக... தீய்ந்திருந்தது.

திரும்பிப் பார்த்தார். யாரும் இல்லை. படி திரும்புகிற இடத்தில் தரையில் இரண்டு பாதம். வெள்ளையாக. விரல் விரலாக மாவு. அவரைப் பார்த்து நின்றன. அங்கிருந்து கீழே ஒரு தடமும் இல்லை. அதற்கு நேர் மேலே சுவரில் அந்தப் பலகை. ‘செருப்பு அணியாமல் இறங்காதீர்கள்.’

அவர் இறங்கலாம். பின்னால் நிற்பவரால் முடியாது. ஷூ இல்லை.

அத்தான் எப்படிக் கீழே வந்தார் என்று அவருக்கே தெரியாது. அன்று சோறு இறங்கவில்லை. மனைவி கேட்டதற்கு, “வெயில்” என்றார்.

இப்போதாவது சொல்லியிருக்கலாம். தங்கை வீட்டு வாசல் நாலு கதவு தள்ளித்தான் இருந்தது. போனாராம். கையைத் தூக்கினாராம். தட்டவில்லையாம். திரும்பி வந்துவிட்டார். எத்தனையோ நாள் போனார், எத்தனையோ நாள் திரும்பினார். கடைசியில் மனுஷன் என்ன செய்தார் தெரியுமா? வாயால் சொல்ல வேண்டியதைக் கடையில் வாங்கினார். அதே மாதிரி ஒரு கேன்வாஸ் ஷூ, புதுசு. யாரும் பார்க்காத நேரத்தில் கடைசி வீட்டு வாசலில் வைத்துவிட்டு வந்தார். ‘எடுத்துக்கோப்பா, போட்டுக்கிட்டு இறங்கிப் போயிடு.’ அப்படி ஒரு கணக்கு.

தங்கை வந்தாள். பார்த்தாள். அலறினாள்.

“யாருங்க இது? செத்துப் போனவன வச்சு வெளையாடுறது யாருங்க? இருக்கும்போது அவனுக்கு மொகம் குடுத்துப் பேசமாட்டீங்க. இப்ப கேலி பண்றீங்களா?”

ஒவ்வொரு கதவாகத் தட்டிக் கேட்டாள். அத்தான் கதவையும் தட்டினாள். அவர் உள்ளே மூச்சைப் பிடித்துக்கொண்டு, கதவில் வைத்த லென்ஸ் வழியாக அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். கண்ணாடிக்காரர் அல்லவா... நன்றாகத் தெரிந்தது. அவள் போகிறவரை திறக்கவில்லை. அவள் அந்தப் புது ஷூவைத் தூக்கிக் கீழே எறிந்தாள்.

சொல்லுங்கள், இதில் பேய் யார்?

பிறகு மழைக்காலம். அத்தானுக்குக் காய்ச்சல். மனைவி, என் சிநேகிதியைப் பார்க்க வந்திருந்தாள். அதனால்தான் அவள் அன்று அங்கே இல்லை. மறுபடியும் அதே மூன்று மணி. மறுபடியும் மணி.

ஒத்திகை இல்லை. லிஃப்ட் மோட்டாரிலிருந்து புகை. அத்தானுக்குக் காய்ச்சல் என்பதால் எதிர் வீட்டு ஓவிய வாத்தியாரிடம் ஆரஞ்சுச் சட்டையைக் கொடுத்திருந்தார். வாத்தியார் நல்ல மனுஷன். ஒவ்வொரு கதவாகத் தட்டிக்கொண்டு வருவது அத்தானுக்குப் படுக்கையிலேயே கேட்டது. தட்... தட்... “யாராவது இருக்கீங்களா? இறங்குங்க!” அடுத்த கதவு. தட்... தட். எழுந்தார். சுவரைப் பிடித்துக்கொண்டார். வாசலுக்கு வந்தார். வாத்தியாரின் காலடி கிட்டே வந்தது. கதவுக்கு அந்தப் பக்கம் நின்றது...

தட்டவில்லை. தாண்டிப் போனது.

“சார்! வாத்தியார் சார்! நான் உள்ள இருக்கேன்!”

தாழ்ப்பாளை எடுத்தார். கைப்பிடி திரும்பியது. கதவு வரவில்லை. பூட்டினதுபோல இல்லை... வெளியே யாரோ துணியைப் பிடித்து இழுத்துக்கொண்டிருக்கிற மாதிரி, இழுத்தால் கொஞ்சம் வந்தது, விட்டால் திரும்பப் போய் ஒட்டிக்கொண்டது. இரண்டு கையாலும் கதவை அறைந்தார். கத்தினார். வாத்தியார் கை நீட்டினால் தொடும் தூரத்தில் திரும்பி நடந்தார். ஜனங்கள் பேசிக்கொண்டே இறங்கினார்கள். ஒருவர்கூடத் தலையைத் திருப்பவில்லை. துணி கட்டிய கதவை எதற்குப் பார்க்க வேண்டும்?

சத்தமெல்லாம் கீழே போய்விட்டது. கதவுக்கு அடியில் புகை மெல்ல நுழைந்தது. காய்ச்சல்காரர் தரையில் உட்கார்ந்தார். அப்போது புரிந்ததாம், அந்த மனுஷன் கதவுக்குப் பக்கத்தில் கிடந்து எதைக் கேட்டிருப்பார் என்று. முடிச்சு இறுகுகிற சத்தத்தை.

அப்புறம் வாசனை வந்தது. ரொட்டி.

எழுந்து லென்ஸில் கண்ணை வைத்தார்.

வெளியே ஒருவர், கதவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, வாசலிலேயே உட்கார்ந்திருந்தார். பின்தலை மட்டும் தெரிந்தது. முடியெல்லாம் மாவு. குனிந்து ஏதோ செய்துகொண்டிருந்தார். அவசரமே இல்லை. அத்தானுடைய ஷூ வாசலில்தானே இருந்தது... அதைப் போட்டுக்கொண்டிருந்தார். ஒரு கால். நாடாவைக் கட்டினார். இன்னொரு கால். நாடாவைக் கட்டினார். எழுந்தார். சரியாக இருக்கிறதா என்று தரையில் ஒரு மிதி, இன்னொரு மிதி. திரும்பிப் பார்க்கவில்லை. நடந்தார்.

டக், டக், டக்... படியில் இறங்கிக் கீழே கீழே போனது.

கதவு தானாக விட்டது. கைப்பிடியிலிருந்து துணி நழுவி அத்தானின் காலடியில் விழுந்தது.

வெறுங்காலோடு இறங்கினார். படிக்கட்டு விளக்கு ஒன்று வெடித்துச் சிதறியிருந்தது. பலகை சொல்வது பொய்யில்லை, படியில் கண்ணாடித் துண்டு. ஊருக்கெல்லாம் கண்ணாடி விற்றவர் காலில் கண்ணாடி ஏறியது. ரத்தத்தோடு, எல்லாரும் கூடியிருந்த அந்தக் கட்டடத்துத் தண்ணீர்த் தொட்டியடிக்கு வந்து சேர்ந்தார்.

வாத்தியார் அவரைப் பார்த்துத் திகைத்தார். “என்ன சார், இப்பதானே எங்க பின்னால இறங்கி வந்தீங்க?”

“நானா?”

“முகத்தப் பாக்கல. உங்க ஷூவப் பாத்தேன். கதவுலயும் துணி இருந்துச்சே... நீங்க கட்டினதுன்னுல்ல நெனச்சேன்?”

கூட்டம் விலகியிருந்தது. நடுவே கண்டக்டர் தங்கை நின்றாள், அன்றைக்கு அவளுக்கு லீவு. அவளுக்கு எதிரே தரையில் அத்தானுடைய ஷூ. ஜோடியாக, இடது வலது பக்கம், வலது இடது பக்கம். உள்ளே வெள்ளையாக மாவு. அவள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். தொடவில்லை.

அத்தான் அவளுக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டார். நிற்கக் காலும் இல்லை, முகமும் இல்லை.

“துணியக் கட்டினது நான்மா. உங்க அண்ணன் வெளிய வரவே இல்ல. ஷூ வாசல்ல இருந்துச்சு. பாத்தேன். பாத்துட்டுத்தான் கட்டினேன். அப்புறம்... அந்த ஷூவ எடுத்துப் போட்டதும் நான்தான்.”

அவள் அறைவாள் என்று நினைத்தார். அறைந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று இன்றுவரை சொல்கிறார். அவள் ஒன்றே ஒன்று கேட்டாள்.

“எங்க போட்டீங்க?”

தெருவைச் சொன்னார்.

“அந்தத் தெரு வழியாத்தான் தினமும் என் பஸ் போகுது” என்றாள்.

அவ்வளவுதான். ஷூவை எடுத்து மார்போடு அணைத்துக்கொண்டு மேலே போய்விட்டாள்.

பலகையிலிருந்து அந்த வரியை அழித்தார்கள். கேடயம் மட்டும் அலமாரியில் இருக்கிறது, யாரும் தூசு தட்டுவதில்லை. அத்தான் கடையை விற்றுவிட்டார். ஒத்திகை என்றால், யாரும் சொல்லாமலே வந்து எல்லா மாடியிலும் கையால் கதவைத் தட்டிக்கொண்டு போவார். கை வீங்கும்வரை தட்டுவார். மழையோ வெயிலோ, வெறுங்கால்தான். எந்தச் செருப்பைப் போட்டாலும் உள்ளே சூடாக இருக்கிறதாம். இப்போதுதான் யாரோ கழற்றிவிட்டுப் போன மாதிரி.

கதை அவ்வளவுதான். என்ன, யாரும் பேசமாட்டேன் என்கிறீர்கள்? பயந்துவிட்டீர்களா? சும்மா பொழுது போகத்தானே...

அண்ணா? எங்கே எழுந்துவிட்டீர்கள்?

என்ன சொல்கிறீர்கள்? சத்தமாகச் சொல்லுங்கள்.

“கடைசி வீட்டு வாசல்ல... நர்சம்மா செருப்பு இருந்துச்சு.”

டூட்டி என்று சொன்னீர்களே?

“டூட்டியாத்தான் இருக்கும்னு நெனச்சேன்மா. தட்டல. துணியக் கட்டிட்டு வந்துட்டேன்.”

அண்ணா, போகாதீர்கள்! திரும்பிப் போகக் கூடாது! யாராவது கீழ்த்தளத்துக்கு ஓடிக் குழாய்க்காரர்களைக் கூப்பிடுங்கள்! அண்ணா!

போய்விட்டார்.

ஷ்... பேசாதீர்கள். கேளுங்கள். படியில் ஏறுகிறார். அது அவருடைய ஷூ, டக் டக் என்று... ஓடுகிறார்.

அவருக்கு முன்னால்... கேட்கிறதா? பச். பச். பச். அவரைவிட வேகமாக.

நம் மாடிக்குப் போயாச்சு. கதவைத் தட்டுகிறார். தட்... தட்... தட்...

இல்லை. நன்றாகக் கேளுங்கள். இரண்டு பேர் தட்டுகிறார்கள்.